திருவனந்தபுரத்தில் இறங்கி மதுரைக்கு மூன்று பஸ்ஸில் வந்த கதை

போன வாரம் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "அக்கா, பையன் துபாயிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்குகிறான். அங்கிருந்து மதுரைக்குப் பஸ்ஸிலேயே வந்துவிடலாமா, இல்லை கார் பிடிக்கணுமா?"

வந்துவிடலாம் தம்பி, தாராளமாக வரலாம். நானே வந்திருக்கிறேன். என்ன, நான் வந்தது எண்பத்து மூன்றில். (என் வீட்டுக்காரர் எண்பத்திரண்டு என்று சாதிக்கிறார். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.) அன்றைக்கு எழுதி வைத்த குறிப்புநோட்டு கையில் இருக்கிறது. நேரம், தூரம், டிக்கெட் விலை எல்லாம் அதில் உண்டு, வருஷம் மட்டும் இல்லை. அதனால்தான் வழக்கு.

எதற்காகப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பதாம் நாள் அவர் மஸ்கட்டுக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து அப்போதுதான் முதல் லீவு. நடுவில் எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் கேசட்டில்தான். வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதற்குப் பதில் டேப்பில் பேசி அனுப்பிய காலம் அது. அறுபது நிமிஷக் கேசட் வந்தால் மாமா, அத்தை, நாத்தனார் இரண்டு பேர், எதிர்வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். ஐம்பத்தாறு நிமிஷம் அவர்களுக்கு. கடைசி நாலு நிமிஷம் எனக்கு. அதிலும் "சரசு, அம்மா சொல்றபடி நடந்துக்க" என்பதிலேயே ஒரு நிமிஷம் போய்விடும். பதில் கேசட்டில் நான் பேசும்போதும் அதே கூட்டம் சுற்றி உட்கார்ந்திருக்கும். அத்தனை பேர் முன்னால் புருஷனிடம் என்னத்தைப் பேச? "இங்க நல்ல மழைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். மூன்று வருஷமும் அந்த மனுஷனுக்கு நான் வானிலை அறிக்கைதான் வாசித்தேன்.

இப்படி இருக்கும்போது எனக்கு வேலை உத்தரவு வந்தது. மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும். அத்தை ஒரே பிடியாக நின்றார். "ராத்திரி டூட்டியெல்லாம் இருக்காம்ல? வீட்டுக்கு வந்த பிள்ளை ராத்திரி டூட்டிக்குப் போனா ஊரு வாயை எவன் மூடுறது?" என்றார். மாமா நைசாக நழுவிவிட்டார். "முருகேசன் வரட்டும். அவென் சொல்றதுதேன்" என்றார். முருகேசன்தான் என் வீட்டுக்காரர். அவர் வருவதோ வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா பக்கத்தில் உட்காருவார், அம்மா எந்தப் பக்கம் தலையை ஆட்டினாலும் அந்தப் பக்கம் ஆட்டுவார். பத்தொன்பது நாள் குடித்தனத்தில் நான் கண்டுகொண்டது அவ்வளவுதான். ஆகவே ஏர்போர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு நிமிஷம் தனியாக வேண்டும். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் உத்தரவைக் கிழித்து அடுப்பில் போட வேண்டியதுதான்.

"மருமகளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்களா? பரவாயில்லையே!" என்று மெச்சிக்கொள்ளாதீர்கள். பாசமெல்லாம் ஒன்றுமில்லை. நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் தென்காசிப் பக்கம் போய்விட்டார்கள். மாமாவுக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. "பாஷை தெரியாத ஊர்ல நம்மளை வித்துப்புடுவாய்ங்கே. நீ கூட வா" என்றார். மொழிபெயர்ப்பாளராகத்தான் போனேன்.

ஊரில் மற்றவர்கள் வேன் பிடித்து இருபது பேராகப் போய் வளைகுடாக்காரரை அழைத்து வருவார்கள். மாமா அதற்கெல்லாம் மசிகிறவர் இல்லை. "பஸ்ஸு என்னத்துக்கு விட்டுருக்கான்?" என்று கேட்டார், அதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் ஏர்போர்ட் வாசலில் நின்றோம். சங்குமுகம் கடற்காற்றில் என் தலை பரட்டையாகிவிட்டது. மூன்று வருஷம் கழித்துப் புருஷன் பார்க்கப்போகிற தலை! ஓணம் நெருங்கியதால் வாசலில் ஒரே கூட்டம். விமானம் ஏழு பத்துக்கு இறங்கியது. எட்டேகாலுக்கு ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தரும் கறுப்புக் கண்ணாடி, தடி மீசை, தோளில் டேப்ரிக்கார்டர். எல்லாம் ஒரே அச்சு. மாமா இரண்டு பேரைத் தப்பாகக் கூப்பிட்டு, இரண்டாவது ஆளைக் கட்டிப்பிடித்தும் விட்டார். அந்த ஆளும் பாவம், யாரோ பெரியப்பா என்று நினைத்து இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார். உண்மையான மகன் பின்னால் நின்றுகொண்டு "அப்பா, நான் இங்க இருக்கேன்" என்றார். குரலைக் கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம்தான் புதுசு, நன்றாக மெலிந்திருந்தார்.

"நல்லாருக்கியா சரசு?"

"ம்."

அவ்வளவுதான். அதற்குள் மாமா நடுவில் வந்துவிட்டார். "என்னடா, பெட்டி இம்புட்டுத்தானா?" மற்றவர்கள் ஆளுயரப் பெட்டிகளைக் கயிறு கட்டி உருட்டிக்கொண்டு போக, இவரிடம் ஒரே ஒரு பெட்டி. "மிச்சம் கப்பல்ல வருதுப்பா" என்றார். (நாற்பது வருஷமாகிறது, அந்தக் கப்பல் இன்னும் வரவில்லை.) சுமை தூக்கும் சேட்டன் பெட்டியைத் தலைக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "இதினு கனமே இல்லல்லோ!" என்று என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றான்?" என்றார் மாமா. "பத்திரமா இறக்குறேங்கிறாரு மாமா" என்றேன்.

முதல் பஸ், ஏர்போர்ட்டிலிருந்து கிழக்கேகோட்டை. ஆறு கிலோமீட்டர், தலைக்கு அறுபது பைசா, இருபத்தைந்து நிமிஷம். எட்டரைக்கு ஏறினோம். அந்த ஊர் பஸ் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்கள் ஒரு கோடி, ஆண்கள் மறு கோடி. புருஷன் பெண்டாட்டி என்பதெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது. நான் பழக்கதோஷத்தில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது: அடிப்பாவி, கேட்க வேண்டியவர் அந்தக் கோடியில் அல்லவா இருக்கிறார்! எழுந்திருக்க முயன்றால் மடியில் ஒரு சேச்சி தன் பலாப்பழத்தை வைத்துவிட்டாள். கிழக்கேகோட்டை வரைக்கும் பலாப்பழத்தோடுதான் குடும்பம் நடத்தினேன்.

கிழக்கேகோட்டையில் காலைச் சாப்பாடு. ஓட்டலுக்குள் நுழையும்போது என் மனசு துள்ளியது. அங்கெல்லாம் திரை போட்ட ஃபேமிலி ரூம் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே, மாமா வெளியே. ஒரு புட்டு தின்னும் நேரம் போதும், கேட்டுவிடலாம். ஆனால் மாமா வாசலிலேயே ஏற்பாடு செய்துவிட்டார். "பொம்பளைப் பிள்ளை நீ உள்ள போயி உக்காந்து சாப்பிடு. நாங்க ஆம்பளைங்க இங்கிட்டு இருக்கோம்." ஆக, ஃபேமிலி ரூமில் ஃபேமிலியாக நான் ஒருத்தி மட்டும். திரைக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது. புட்டும் கடலையும் ஒரு ரூபாய் நாற்பது. இரண்டு முறை வாங்கித் தின்றேன். கோபம் வந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

அங்கிருந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் ஒரு கிலோமீட்டர்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மாமாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால், நான் பையோடு பின்னால். முதுகைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியுமா? "என்னங்க" என்று கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினார்கள். "செருப்பு கடிக்குது" என்று சமாளித்தேன்.

இரண்டாவது பஸ், தம்பானூரிலிருந்து நாகர்கோவில். அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஆறு ரூபாய் இருபது பைசா. பத்து ஐந்துக்கு எடுத்தான். ஓணக் கூட்டத்தில் எறும்பு நுழைய இடமில்லை. பெட்டி கூரைமேல் ஏறியது. நான் பெண்கள் கோடியில். அவர் அந்தக் கோடியில், ஜன்னல் ஓரம், மடியில் டேப்ரிக்கார்டர். மாமாவுக்கு நடுவில் ஒரு சீட் கிடைத்தது, ஆனால் அது கரமனை வரைக்கும்தான். அங்கே பஸ் நின்றதும், கூரையிலிருந்து பெட்டியை எவனாவது இறக்கிவிடுவானோ என்று இறங்கிப் பார்க்கப் போனார். திரும்பி வருவதற்குள் சீட் போய்விட்டது. அதற்குப் பிறகும் நேமத்தில் இறங்கினார், பாலராமபுரத்தில் இறங்கினார். ஒவ்வொரு தடவையும் கண்டக்டர் "வல்யப்பா, கேறு, கேறு!" என்று கத்த, மாமா என்னைப் பார்த்து "என்னா சொல்றான்?" என்று கத்த, நான் "ஏறச் சொல்றாரு மாமா!" என்று கத்த, பஸ்ஸில் எங்கள் குடும்பம் பிரபலமாகிவிட்டது.

என் பக்கத்தில் ஒரு மாமி. வலியசாலை அக்ரகாரத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர், நெய்யாற்றின்கரையில் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விசாரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் யாரிடமாவது கொட்டினால் போதும் என்று இருந்தது. கேசட்டிலிருந்து ஃபேமிலி ரூம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏண்டிம்மா, சர்க்கார் உத்யோகம் கெடச்சிருக்கு, ஆம்படையான் அதோ ஒக்காந்திண்டிருக்கான், நீ இங்கே மூக்கைச் சிந்திண்டு இருக்கே! எழுதிக் கொடுத்து அனுப்பு, கேட்டியோ? டிக்கெட் காசு போறதோல்லியோ, அதே மாதிரி இதுவும் போகும்" என்றாள்.

ஆமாம், அந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. நெரிசலான பஸ்ஸில் கண்டக்டர் எல்லா இடத்துக்கும் வர முடியாது. காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்தால், அது கை மாறிக் கை மாறிக் கண்டக்டரிடம் போய், டிக்கெட்டும் மிச்சச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள், யாரும் நடுவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாமி விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவைக் கொடுத்தாள். வேலை உத்தரவின் பின்பக்கத்தில் எழுதினேன்: "திங்கள் சேர வேண்டும். அத்தைக்கு இஷ்டமில்லை. மாமா உங்கள் முடிவு என்கிறார். எனக்குப் போக ஆசை. வீட்டுக்குப் போகும் முன் சரி, இல்லை என்று சொல்லுங்கள்." நாலாக மடித்து முன்னால் இருந்த கையில் கொடுத்தேன்.

நான் செய்த தப்பு என்னவென்றால், யாருக்கு என்று சொல்லவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கை மாறிப் போவது எதுவானாலும் அது கண்டக்டருக்குத்தான். சாலைக் கடைத்தெருவில் பிறந்த எனக்கு இது தெரியாதா? பதற்றத்தில் மறந்துவிட்டேன். காகிதம் நேராகக் கண்டக்டர் கைக்குப் போனது. அவர் ஏதோ சலுகைப் பாஸ் என்று நினைத்துப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்பக்கத்து இங்கிலீஷை உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். முதல் இரண்டு வரி படித்ததும், "எடே, இது பாஸல்ல! டெலிபோனில் ஜோலி கிட்டிய ஆர்டராணு! ஆருடெயா?" என்றார்.

பஸ் முழுக்க ஒரே ஆரவாரம். அந்த ஊரில் அரசாங்க வேலை என்றால் லாட்டரி விழுந்த மாதிரி. என்னைச் சுற்றிய சேச்சிமார் எல்லாம் "மோளே, நன்னாயி!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். நடுவில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மாமா பதறிவிட்டார்.

"ஏம்மா சரசு! எதுக்கு எல்லாரும் கத்துறாய்ங்கே? பெட்டி விழுந்துருச்சா?"

"இல்ல மாமா. யாருக்கோ வேலை கிடைச்சிருக்காம்."

"யாருக்கு?"

மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லக்கூடாது, அதுவும் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. "எனக்கு மாமா" என்றேன்.

அதற்குள் டீச்சர் மாமி எழுந்து நின்று, மலையாளத்தில் பஸ்ஸுக்கே நியாயத்தை எடுத்துரைத்துவிட்டாள்: இந்தக் குட்டி வேலையில் சேரவேண்டும், மாப்பிள்ளை சம்மதம் சொல்லவேண்டும், மாப்பிள்ளை அதோ அந்தக் கறுப்புக் கண்ணாடி. நாற்பது தலையும் திரும்பின. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார், பாவம். காகிதம் இப்போது சரியான கையை நோக்கிப் போனது. "ஆலோசிக்கான் எந்து இரிக்குன்னு? சர்க்கார் ஜோலியல்லே!" என்று ஒரு பெரியவர் அவர் தொடையில் தட்டினார். யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார். ஊரே என் பக்கம். என் வீட்டுக்காரர் காகிதத்தைப் பிரித்தார். படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து டேப்ரிக்கார்டர்மேல் வைத்து எழுத ஆரம்பித்தார்.

"சரி" என்று எழுத ஒரு நொடி. "இல்லை" என்று எழுத இரண்டு நொடி. இந்த மனுஷன் ஐந்து நிமிஷம் எழுதினார். எனக்கு வயிற்றில் இரண்டு தட்டுப் புட்டும் கல்லாகிவிட்டது. இவ்வளவு நீளமாக எழுதினால் அது "இல்லை"தான், காரணத்தைத்தான் அடுக்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

காகிதம் திரும்பி வந்தது. இந்தத் தடவை எல்லோரும் பிரித்துப் பார்த்தார்கள், ஆனால் தமிழில் எழுதியிருந்தது. "தமிழாணு" என்று ஒருத்தர் ஏமாற்றத்தோடு அடுத்தவரிடம் கொடுத்தார். கல்லூரிப் பையன் ஒருவன் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தான். அப்படியே பத்துக் கை மாறி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு கைக்கு வந்தது. நடுவில் நின்ற மாமாவின் கை.

அவர் படித்தார். கூட்டம் மறைத்ததால் மகனுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் காகிதத்தைத் தூரமாக நீட்டி வைத்து, உதடு அசைய அசைய, கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு அதை முன்பு மடித்திருந்த அதே மடிப்பில் மடித்தார். முன்னால் இருந்தவர் தோளைத் தொட்டு, "டிக்கெட்டு. அங்கிட்டுக் குடுங்க" என்றார்.

என் கைக்கு வந்தபோது காகிதம் வியர்வையில் ஈரமாக இருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: "கண்டிப்பாகச் சேர்ந்துக்கோ. எனக்கு அங்கே வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. கம்பெனி மூடிவிட்டார்கள். நான் வந்தது லீவில் இல்லை, திரும்பிப் போகவும் வழியில்லை. அப்பா ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. எப்படியாவது சமாளிப்போம்."

"என்னடி சொல்றான்?" என்று மாமி என் தோளை உலுக்கினாள். "சேர்ந்துக்கச் சொல்லிட்டார் மாமி" என்றேன். அவ்வளவுதான், கண்டக்டர் விசிலை ஊதினார், பஸ்ஸே கை தட்டியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பாதிதான் சந்தோஷம். மீதி, அத்தனை பேர் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற மாமாவைப் பார்த்து வந்தது. நெய்யாற்றின்கரையில் மாமி இறங்கினாள், பாறசாலை வந்தது, களியக்காவிளை வந்தது. மாமா பெட்டியைப் பார்க்க ஒரு இடத்திலும் இறங்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நாகர்கோவில். அவர் கூரையிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டிக்கெட்டு சரியா வந்துச்சாம்மா?"

"வந்துச்சு மாமா."

"நான் பாத்தேன்னு அவென்கிட்டச் சொல்லாத" என்றார். சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போய்விட்டார். லேசான பெட்டிதான், மகன் ஒரு கையால் தூக்கிவிடுவார். இவர் ஓடிப்போய்க் கயிற்றின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது பஸ், நாகர்கோவிலிலிருந்து மதுரை. இருநூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா. ஒன்று இருபதுக்கு எடுத்து, திருநெல்வேலியில் பதினைந்து நிமிஷம் நிறுத்தி, ஏழரைக்கு மதுரையில் விட்டான். இந்தப் பஸ்ஸில் மாமா தாமாகவே போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் அங்கிட்டுச் சேந்து உக்காருங்க" என்றார். ஆறு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். என்ன பேசினோம் என்று கேட்கிறீர்களா? விருதுநகர் வரைக்கும் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு அத்தை, பின்னால் பாதித் தெரு. செருப்பைக் கழற்றுவதற்குள் எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்: "எத்தனை நாள் லீவு தம்பி? எப்பத் திரும்பணும்?"

இவர் குனிந்து செருப்பைக் கழற்றுவதிலேயே மும்முரமானார்.

"அவென் போகமாட்டான்" என்றார் மாமா. "நாந்தேன் போக வேணாம்னுட்டேன்."

அத்தை ஆரத்தியைப் பாதியில் நிறுத்திவிட்டார். "என்னங்க சொல்றீங்க? நல்ல சம்பாத்தியத்தை விட்டுப்புட்டு..."

"மூணு வருசம் கேசட்டைக் கேட்டது போதும்டி. என் மகன் எனக்கு வேணும். நான் சொல்லிட்டேன், மாத்தமாட்டேன். ஊருக்குள்ள எவனாவது கேட்டா, அப்பென் பிடிவாதக்காரன், விடமாட்டேனுட்டான்னு சொல்லு." அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். "அப்புறம், இந்தப் பிள்ளை திங்கக்கிழமை வேலைக்குப் போகுது. அவென் சரின்னுட்டான். ராத்திரி டூட்டின்னா நான் சைக்கிள்ல கொண்டுபோயி விடுறேன்."

அத்தை ஆறு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. மகனுடைய வெளிநாட்டு வாழ்வைக் கெடுத்த மனுஷன் என்று தெருவும் பேசியது. அத்தனையையும் வாங்கிக்கொண்டு, சொன்னபடி ராத்திரி டூட்டிக்கு என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதித்தார். இவர் அதே தெருவில் மோட்டார் வைண்டிங் கடை போட்டார். ஓடியது.

சரி, பயணம் போகிறவர்களுக்கு வருகிறேன். இப்போது புது டெர்மினல், புதுச் சாலை, எல்லாம் மாறிவிட்டது. நேரமும் கட்டணமும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள், என் நோட்டை நம்பிப் போய் நிற்காதீர்கள். வழி மட்டும் அதேதான்: ஏர்போர்ட்டிலிருந்து தம்பானூர், அங்கிருந்து நாகர்கோவில், அங்கிருந்து மதுரை. காலையில் இறங்கினால் இருட்டுவதற்குள்ளோ கொஞ்சம் பிந்தியோ வீடு சேரலாம். ஓண வாரத்தில் மட்டும் வேண்டாம். புட்டு ஒரு தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூரையில் ஏற்றிய பெட்டியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பார்த்தால் பெட்டி இருக்கும், சீட் இருக்காது. கை மாற்றி ஏதாவது கொடுத்தனுப்பினால் யாருக்கு என்று சொல்லித்தொலையுங்கள். பையன் பெட்டி சின்னதாக இருந்தால் வாசலிலேயே ஏன் என்று கேட்காதீர்கள்.

என் பதிவுகளை எல்லாம் போடுவதற்கு முன் என் வீட்டுக்காரர் ஒரு தடவை படித்துத் தூரத்தைத் திருத்துவார். இதையும் நேற்று சாயங்காலம் கொடுத்தேன். மாமா போய் இருபது வருஷமாகிறது. "நல்ல வேளை, எங்கப்பா பிடிவாதக்காரரா இருந்தாரு. இல்லாட்டி அன்னைக்கு வாசல்ல நான் மாட்டியிருப்பேன்" என்று இவர் பேரன்களிடம்கூடச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"அப்பா படிச்சாரா?"

"படிச்சாரு."

"கடைசி வரியுமா?"

"கடைசி வரி வரைக்கும்."

அந்தப் பத்தியை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு என்மேல் பாய்ந்தார். "நாப்பது வருஷம் பக்கத்துல இருந்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"அப்பாகிட்டச் சொல்லாதேன்னு நீங்க எழுதினீங்க. அவென்கிட்டச் சொல்லாதன்னு அவரு சொன்னாரு. நான் யார்கிட்டங்க சொல்றது?"

அவர் எழுந்து உள்ளே போனார். மாமாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். விளக்கு ஏற்றவில்லை, கும்பிடவும் இல்லை. "ஏம்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று சண்டை போட்டுக்கொண்டே அழுதார். நான் போய்த் தேற்றவில்லை. அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.